12 வோல்ற்று பற்றரியில் லேசர் டயோட்: முதன்முறை செய்பவருக்கான வழிகாட்டி

சுண்டுவிரல் மொத்தத்தில் ஒரு பித்தளைக் குழாய், உள்ளே லேசர் டயோட், பின்னால் சிவப்பும் நீலமுமாக இரண்டு மெல்லிய வயர். கடைக்காரர் “5 வோல்ற்று” என்று சொல்லித்தான் தந்திருப்பார். ஆனால் வீட்டில் கைக்கு எட்டுவது சோலாருக்குப் பூட்டிய 12 வோல்ற்று பற்றரி. ஒருக்கால் தொட்டுப் பார்த்தால் என்ன என்று மனம் சொல்லும். தொட்டால் சுவரில் பளீரென்று ஒரு புள்ளி விழும். அடுத்த முறை தொடும்போது அந்தப் புள்ளி இருக்காது. மங்கலான சிவப்புப் படர்வு ஒன்றுதான் மிஞ்சும்.

என்ன நடந்தது என்பதை ஒரு கணக்குச் சொல்லும். மலிவான சிவப்புக் குழாய்களுக்குள் லேசரோடு தொடராக இருப்பது பெரும்பாலும் ஒரேயொரு ரெசிஸ்டர், 91 ஓம் அல்லது அதற்குக் கிட்ட. லேசர் தன் பங்குக்கு ஏறத்தாழ 2.2 வோல்ற்றை எடுத்துக்கொள்ளும். மிச்சம் முழுதும் ரெசிஸ்டரில் விழும். 5 வோல்ற்றில் 2.8 ஐ 91 ஆல் வகுத்தால் 31 மில்லியம்பியர். நிறைந்த பற்றரியின் 12.7 வோல்ற்றில் 10.5 ஐ 91 ஆல் வகுத்தால் 115 மில்லியம்பியர். இந்த வகை லேசர் 40 மில்லியம்பியரைத் தாண்டினாலே ஆபத்தில் இருக்கிறது. 115 இல் அது பிழைத்தால் அதிசயம்.

பாடப் புத்தகத்தில் வரும் ஒளி காலும் இருவாயி, அதாவது எல்.ஈ.டி., கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் சூடாகிச் சமாளிக்கும். லேசர் டயோட் அப்படிச் சமாளிப்பதில்லை. அதன் படிகத்தின் முனை கண்ணாடி போல வெட்டப்பட்டது. ஒளி முழுவதும் மைக்ரோமீற்றர் அளவான ஒரு புள்ளியூடாகத்தான் வெளியே வருகிறது. மின்னோட்டம் கூடினால் அந்த முனையே கருகும். சூடாவதற்கு நேரம் எடுக்கும் என்று நினைக்க வேண்டாம், மைக்ரோ வினாடிகளே போதும். அதற்குப் பிறகும் டயோட் மின்னைக் கடத்தும், மங்கலாக எரியும். லேசராக மட்டும் இருக்காது.

எவ்வளவு ஓட்டம் வேண்டும்

கீழ்ப்பக்கமும் ஓர் எல்லை இருக்கிறது. 650 நனோமீற்றர், 5 மில்லிவாற்று சிவப்பு லேசர் ஏறத்தாழ 20 முதல் 25 மில்லியம்பியருக்குக் கீழே வெறும் எல்.ஈ.டி. போலத்தான் ஒளிரும். அந்த வாசலைத் தாண்டியதும் கற்றை சட்டென்று கூராகும். பிறகு ஒவ்வொரு மில்லியம்பியருக்கும் ஒளி வேகமாக ஏறும். ஆக, வேலை செய்யும் இடைவெளி ஒடுக்கமானது: 25 க்குக் கீழே மங்கல், 40 க்கு மேலே சாவு. வாங்கிய டயோடின் இலக்கம் தெரிந்தால் அதன் தரவுத்தாளில் உள்ள எண்களையே நம்புங்கள். இங்கே சொல்வது பொதுவாகக் கிடைக்கும் சிவப்பு வகைக்கு.

அப்படியென்றால் 12 வோல்ற்றுக்குப் பெரிய ரெசிஸ்டராகப் போட்டால் காணாதா? மொத்தம் 330 ஓம் வரப் போட்டுக் கணக்குப் பாருங்கள். இரவில் பற்றரி 11.8 க்கு இறங்கியிருக்கும்போது 29 மில்லியம்பியர். காலையில் 12.7 இல் 32. நண்பகல் வெயிலில் சோலார் சார்ஜ் ஏற்றும்போது பற்றரி முனையில் 14.4 வோல்ற்று வரை வரும்; அப்போது 37. எல்லைக்கு மூன்று மில்லியம்பியர்தான் மிச்சம், அதுவும் டயோட் சூடாக இருக்கும் நேரத்தில். மோட்டார்சைக்கிள் பற்றரியில் எஞ்சின் ஓடும்போது வரும் திடீர் ஏற்றங்கள் இதைவிட மோசம். பற்றரியே இல்லாமல் பனலிலிருந்து நேரே எடுப்பதை நினைக்கவே வேண்டாம். “12 வோல்ற்று” என்று எழுதிய பனல் சுமை இல்லாதபோது 21 வோல்ற்றுக்கு மேல் காட்டும்.

வோல்ற்று எப்படி ஆடினாலும் ஓட்டம் ஆடாத சுற்றுத்தான் லேசருக்கு வேண்டும். அதற்கு ஒரு ஐ.சி.யும் ஒரு ரெசிஸ்டரும் போதும்.

முதலில் கண்

5 மில்லிவாற்று என்பது சின்ன எண்ணாகத் தெரியும். நேரே கண்ணுக்குள் போனால் அது விழித்திரையில் ஒரே புள்ளியில் குவிகிறது. 1 மில்லிவாற்றுக்கு உட்பட்ட லேசரில் கண் கால் வினாடிக்குள் தானாக இமைத்துத் தப்பும். 5 இல் அந்த உத்தரவாதம் இல்லை. மலிவான குழாய்களில் ஒட்டியிருக்கும் எண்ணும் எப்போதும் உண்மையல்ல. எரிகிறதா என்று குழாய்க்குள் எட்டிப் பார்ப்பதுதான் எல்லாரும் விடும் பிழை. எதிரே ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தி, தாளைப் பாருங்கள். மேசையில் அலுமினியப் பாத்திரம், கண்ணாடி, கைக்கடிகாரம் எதுவும் இருக்கக் கூடாது. கற்றை கதிரையில் இருப்பவரின் கண்மட்டத்திலும் சைக்கிளில் போகும் பிள்ளையின் கண்மட்டத்திலும் போகக் கூடாது. கைத்தொலைபேசிக் கமராவுக்குள் அடித்தால் அதன் சென்சரும் போகும். வானத்துக்கோ ஏ9 வீதியில் வரும் வாகனத்துக்கோ அடிப்பது விளையாட்டல்ல, ஓட்டுநருக்கு ஒரு கணம் கண் தெரியாமல் போகும்.

பழைய டிவிடி எழுதியிலிருந்து கழற்றிய லேசர் 100 மில்லிவாற்றுக்கும் மேல் கொடுக்கும். இணையத்தில் அதைக் கொண்டு தீக்குச்சி கொளுத்திக் காட்டுவார்கள். முதன்முறை செய்பவர் அதைத் தொட வேண்டாம். இமைப்பதற்குள் பார்வை போயிருக்கும்.

வாங்க வேண்டியவை

கிளிநொச்சி, வவுனியா நகரக் கடைகளில் கிடைக்காதது கொழும்பு முதலாம் குறுக்குத்தெருவில் கிடைக்கும். கொழும்புக்குப் போகிற யாரிடமும் சொல்லிவிடலாம்.

- சிவப்பு லேசர் குழாய், 650 நனோமீற்றர், 5 வோல்ற்று: 2 (ஒன்று பழுதாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்)
- எல்.எம். 317 ஐ.சி.: 1
- 47 ஓம், கால் வாற்று ரெசிஸ்டர்: 2, 1 ஓம்: 1
- 1என்4007 டயோட்: 4, 1என்4148 டயோட்: 1
- 0.1 மைக்ரோபரட் செரமிக் கப்பாசிற்றர்: 1
- 500 மில்லியம்பியர் பியூஸும் அதன் பிடியும், ஒரு சுவிச்
- துளைப்பலகைத் துண்டு, ஈயம், மல்ரிமீற்றர்

பியூஸ் லேசருக்காக அல்ல, வீட்டுக்காக. ஈயப் பற்றரியின் இரண்டு முனையும் தற்செயலாக முட்டினால் வயர் சிவந்து உருகும். பற்றரியின் நேர் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும்.

இன்னொன்று. இரும்புக்கடையில் பழைய ரேடியோ வாங்கிப் பாகம் கழற்றுவது நல்ல பழக்கம். பற்றைக்குள், பழைய பங்கரடியில், தோட்டம் கொத்தும்போது கிடைக்கும் வயரையும் பற்றரியையும் உலோகப் பெட்டியையும் எடுப்பது வேறு விஷயம். வன்னியில் அது போர்க்காலத்து வெடிபொருளாக இருக்கலாம்; தொடாமல் விலகி, உரியவர்களுக்கு அறிவியுங்கள்.

மிகச் சுலபமான வழி

லேசர் உடனே எரிந்தால் போதும் என்றால் பழைய தொலைபேசிச் சார்ஜரின் 5 வோல்ற்று நன்றாகப் பொருந்தும். யூ.எஸ்.பி. கேபிளை வெட்டினால் உள்ளே சிவப்பு நேர், கறுப்பு மறை. மலிவுக் கேபிள்களில் நிறம் மாறியிருக்கும் என்பதால் மீற்றரால் பார்த்த பிறகே பூட்டுங்கள். குழாயின் சிவப்பு வயர் நேருக்கு, நீல வயர் மறைக்கு. வேறெதுவும் தேவையில்லை, உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. 12 வோல்ற்று பற்றரிதான் இருக்கிறதென்றால் வாகனத்தில் செருகும் தொலைபேசிச் சார்ஜர் அதை 5 ஆக்கித் தரும்.

பவர் பாங்கில் பூட்டினால் சிறிது நேரத்தில் அணைந்துவிடும். லேசர் பழுதாகவில்லை. 30 மில்லியம்பியர் மிகக் குறைவு என்பதால், எதுவுமே பூட்டப்படவில்லை என்று நினைத்துப் பவர் பாங்க் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது.

தொலைபேசியின் 3.7 வோல்ற்று பற்றரியும் பலருக்குத் தோன்றும். ரெசிஸ்டர் இல்லாத டயோடுக்கு 68 ஓம் போட்டால் நிறைந்த 4.2 வோல்ற்றில் 29 மில்லியம்பியர் வரும், 3.7 க்கு இறங்கியதும் 22, அதாவது வாசலடியில் தள்ளாடும். பற்றரியில் பாதி மிச்சம் இருக்கும்போதே கற்றை போய்விடும்.

எல்.எம். 317 சுற்று

இந்த ஐ.சி. வோல்ற்றைச் சீராக்கத்தான் செய்யப்பட்டது. ஆனால் தன் நடுக்காலுக்கும் இடக்காலுக்கும் இடையில் எப்போதும் 1.25 வோல்ற்றை வைத்திருக்கப் பார்க்கும் என்ற ஒரே குணத்தைப் பிடித்துக்கொண்டால் ஓட்டத்தையும் சீராக்கலாம். அந்த இரண்டு காலுக்கும் குறுக்கே 47 ஓம் வைத்தால் 1.25 ஐ 47 ஆல் வகுக்க 26.6 மில்லியம்பியர். பற்றரி 11 ஆனாலும் 14.4 ஆனாலும் அதே 26.6. குழாய்க்குள் ரெசிஸ்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே. 9 வோல்ற்றுக்குக் குறையாமல் கொடுங்கள். 5 வோல்ற்றில் இந்தச் சுற்று வேலை செய்யாது, ஐ.சி.யும் ரெசிஸ்டருமே மூன்று வோல்ற்றுக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

எழுத்து உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடியுங்கள். இடமிருந்து வலம்: சரிசெய்யும் கால், வெளியேறும் கால், உள்வரும் கால். பின்பக்க உலோகத் தகடு நடுக்காலோடு சேர்ந்தது, அது எதிலும் முட்டக் கூடாது.

1. 47 ஓம் ரெசிஸ்டரை நடுக்காலுக்கும் இடக்காலுக்கும் குறுக்கே ஈயம் வையுங்கள். மஞ்சள், ஊதா, கறுப்பு. மூன்றாவது கோடு பொன்னிறமாக இருந்தால் அது 4.7 ஓம், 266 மில்லியம்பியர் விடும். மங்கிய விளக்கில் இந்த இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மீற்றரால் அளந்த பிறகே வையுங்கள்.
2. இடக்காலும் ரெசிஸ்டரும் சேரும் அந்தச் சந்தியிலிருந்து ஒரு வயர். லேசரின் நேருக்குப் போவது இதுதான். லேசரின் மறை வயர் நேரே பற்றரியின் மறைக்கு.
3. பற்றரி நேர், பியூஸ், சுவிச், பிறகு ஒரு 1என்4007, பிறகு வலக்கால். டயோடின் வெள்ளிக்கோடு ஐ.சி. பக்கம். பற்றரியை யாராவது தலைகீழாகப் பூட்டினால் இது தடுக்கும்.
4. 0.1 மைக்ரோபரட் கப்பாசிற்றர் வலக்காலுக்கும் மறைக்கும் இடையில், ஐ.சி.க்குக் கிட்டவாக.
5. 1என்4148 ஐ லேசருக்குக் குறுக்கே, தலைகீழாக: கோடு உள்ள முனை லேசரின் நேர்ப்பக்கம். லேசர் டயோட் பின்நோக்கி 2 வோல்ற்றுக்கு மேல் தாங்காது. இது அதை 0.7 இல் நிறுத்தும்.

அதிகம் பேர் விடும் பிழை இரண்டாவது படியில். பழக்கத்தில் லேசரின் வயரை நடுக்காலில் பூட்டிவிடுவார்கள். அப்போது ரெசிஸ்டருக்கு வேலையே இல்லை, ஐ.சி. தன்னால் முடிந்த அளவுக்கு வோல்ற்றை உயர்த்தி வெளியே விடும். லேசருக்கு அது பற்றரியில் நேரே பூட்டியதுபோலத்தான்.

ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டுமென்றால் 47 ஓமுக்குத் தொடராக 20 ஓம் போல ஒரு சின்ன மாறும் ரெசிஸ்டரைச் சேர்க்கலாம். தொடராகத்தான், 47 ஐ எடுத்துவிட்டு அல்ல. அப்போது திருகு எந்தப் பக்கம் போனாலும் 26.6 ஐத் தாண்டாது. உள்ளே தொடுமுனை விட்டுப்போனால் ஓட்டம் பூச்சியத்துக்கு விழும், மேலே ஏறாது.

லேசருக்கு முன் பொம்மைச் சுமை

புதிய சுற்றில் லேசரை ஒருபோதும் முதலில் பூட்டாதீர்கள். மூன்று 1என்4007 ஐ ஒரே திசையில் தொடராக முறுக்கி, கடைசியில் 1 ஓம் ரெசிஸ்டரைச் சேருங்கள். மூன்றும் சேர்ந்து இரண்டு வோல்ற்று எடுக்கும், லேசர் எடுப்பதுபோலவே. லேசர் இருக்க வேண்டிய இடத்தில் இதைப் பூட்டி, மீற்றரை 200 மில்லிவோல்ற்றில் வைத்து 1 ஓமின் இரு முனையிலும் பாருங்கள். காட்டும் மில்லிவோல்ற்றே மில்லியம்பியர். 25 க்கும் 28 க்கும் இடையில் வர வேண்டும்.

எண் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். பற்றரியைக் கழற்றி ஒரு 9 வோல்ற்றுப் பெட்டிப் பற்றரியில் பூட்டிப் பாருங்கள். அதே எண் வந்தால் சுற்று சரி. 12 இல் ஒன்றும் 9 இல் வேறொன்றுமாக வந்தால் எங்கோ வயர் மாறியிருக்கிறது. சுவிச்சைப் பத்துத் தரம் போட்டு நிறுத்துங்கள், எண் நடுங்குகிறதா என்று பாருங்கள். புரொஜெக்ட் போட்டில் செருகிய வயர் ஆடினால் ஓட்டமும் வெட்டி வெட்டி வரும். அதனால்தான் ஈயம் வைத்த பலகை.

இப்போது நிறுத்தி, வெளியேறும் இரண்டு வயரையும் ஒரு தரம் ஒன்றோடொன்று முட்டவைத்துப் பிரியுங்கள். எங்காவது தேங்கிய மின் இருந்தால் அது லேசருக்குள் இறங்காமல் இங்கேயே போகும். லேசரைப் பூட்டி, தாளை எதிரே வைத்து, சுவிச்சைப் போடுங்கள். மின் ஓடும்போது லேசரைக் கழற்றிப் பூட்ட வேண்டாம். 26.6 இல் புள்ளி மங்கல் என்றால் 43 ஓம் போட்டால் 29, 39 ஓம் போட்டால் 32 மில்லியம்பியர். அதற்கு மேலே போகத் தேவையில்லை.

குழாய் இல்லாத தனி டயோட்

மூன்று காலுள்ள வெறும் டயோடை வாங்கியவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு கால் லேசருக்கு, ஒரு கால் உள்ளேயிருக்கும் ஒளி உணரிக்கு, ஒன்று இரண்டுக்கும் பொது. எது எது என்பது வகைக்கு வகை மாறும். தரவுத்தாள் இல்லாமல் ஊகிக்க வேண்டாம். சில மீற்றர்களின் டயோட் நிலை 3 வோல்ற்று வரை விடுவதால் தலைகீழாகத் தொட்டுச் சோதிப்பதும் ஆபத்து. உடம்பில் தேங்கும் நிலைமின்னே இதைக் கொல்லும். சோளகக் காற்று வீசும் காய்ந்த நாளில் பொலியெஸ்டர் சட்டையோடு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து எழும்பினால் அதுவே போதும். நிலத்தோடு தொடர்புள்ள உலோகக் குழாயைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கால்களை மெல்லிய செப்புக் கம்பியால் சுற்றிக் கட்டி வைத்து, எல்லா ஈயமும் வைத்து முடிந்த பிறகே கம்பியை அவிழுங்கள். ஈயக்கோலுக்கு நிலத்தொடுப்பு இல்லையென்றால் நன்றாகச் சூடாக்கி, 230 வோல்ற்று பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இருக்கும் சூட்டிலேயே தொடுங்கள். ஒரு காலுக்கு மூன்று வினாடிக்கு மேல் வேண்டாம்.

ஆர்டுயினோவில் பூட்டுவது

ஆர்டுயினோ ஊனோ என்பது நிரல் எழுதி இயக்கும் சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை. அதன் ஒரு காலிலிருந்து 20 மில்லியம்பியருக்கு மேல் எடுப்பது நல்லதல்ல. 40 அதன் உச்ச வரம்பு. லேசர் 30 கேட்கிறது. இடையில் ஒரு பிசி547 ரான்சிஸ்டர் வையுங்கள். தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க, இடமிருந்து சேகரிப்பான், அடி, காலி. பலகையின் கால் 1 கிலோ ஓம் ஊடாக நடுக்காலுக்கு, வலக்கால் மறைக்கு, குழாயின் நீல வயர் இடக்காலுக்கு, சிவப்பு வயர் 5 வோல்ற்றுக்கு. ஒன்றைக் கவனியுங்கள்: பல குழாய்களின் பித்தளை உடலே நேர் முனை. அதை மறையோடு சேர்ந்த இரும்புச் சட்டத்தில் இறுக்கினால் குறுக்குச் சுற்று. சைக்கிள் ரியூப் துண்டொன்றைச் சுற்றி இறுக்குங்கள், போதும்.

வெளியே வைக்கும்போது

கேற்றடியில் ஆள் வந்தால் மணி அடிக்க வைக்கிறீர்கள் என்றால் 20 மீற்றர் வயர் இழுக்க நேரும். 27 மில்லியம்பியருக்குத் தொலைபேசி வயரே காணும். ஐ.சி.யைப் பற்றரிப் பக்கம் வைத்தாலும் 1என்4148 லேசருக்குக் கிட்டத்தான் இருக்க வேண்டும். நீள வயர் இடியின்போது மின்னை வாங்கிக்கொள்ளும். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரம் இருட்டிக்கொண்டு வந்தால் இரண்டு வயரையும் கழற்றிவிடுங்கள். யானைக்குப் போட்ட மின்வேலிக் கம்பிக்குப் பக்கமாக இந்த வயரை ஓட்டாதீர்கள். அதில் விட்டுவிட்டு வரும் ஆயிரக்கணக்கான வோல்ற்றுத் துடிப்பு, முட்டாமலே இதற்குள் ஏறும். குறுக்கே போகத்தான் வேண்டுமென்றால் செங்குத்தாக, இயன்ற அளவு விலத்தி.

தகரக் கூரைக்குக் கீழே குழாயை வைக்காதீர்கள். டயோட் சூடாகச் சூடாக அந்த 25 மில்லியம்பியர் வாசலும் மேலே ஏறும். மரநிழல், அல்லது கிடுகுக்குக் கீழே.

எரியாவிட்டால்

லேசரின் இரு முனையிலும் மீற்றரை வையுங்கள். குறி மாறி 0.7 வோல்ற்று காட்டினால் தலைகீழாகப் பூட்டியிருக்கிறீர்கள். 1என்4148 காப்பாற்றியிருக்கிறது, வயரை மாற்றுங்கள். உள்ளே ரெசிஸ்டர் உள்ள குழாய் 5 வோல்ற்றுக்குக் கிட்ட, வெறும் டயோட் 2.2 க்குக் கிட்டக் காட்டி, ஓட்டமும் 26 ஆக இருந்து, தாளில் படர்வு மட்டும் விழுந்தால் டயோட் போய்விட்டது, திருத்த முடியாது. ஓட்டம் 20 க்குக் கீழே என்றால் குறை லேசரில் இல்லை, வருகிற மின்னில். ஐ.சி. கை வைக்க முடியாமல் சுட்டால் எங்கோ முட்டுகிறது. சரியான சுற்றில் அது கால் வாற்றுத்தான் செலவழிக்கும், லேசான வெதுவெதுப்புத்தான் தெரியும்.

காலையில் கூர், மத்தியானம் மங்கல், பின்னேரம் திரும்பவும் கூர் என்றால் வெப்பம். நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே போனால் டயோடைக் குறை சொல்வதற்கு முன் லென்சைப் பாருங்கள். கிரவல் ரோட்டோரம் ஒரு கிழமையிலேயே செம்மண் படிந்துவிடும். ஊதிவிட்டு, பஞ்சில் இரண்டு துளி ஐசோபுரோப்பைல் மதுசாரம் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். லென்ஸ் பிளாஸ்ரிக், தின்னர் பட்டால் பால் போல வெளுத்துவிடும். புள்ளி வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக விழுகிறதென்றால் அதற்கு மருந்து தேட வேண்டாம், லேசர் டயோடின் ஒளி பிறப்பிலேயே அப்படித்தான்.